யு-டர்ன் போடலாமா, மச்சி?

கல்வராயன் மலைக்கு ஒரு 'போறதா... திரும்புறதா?' டூர்!

ஐ.வி.ன்னா ஊட்டி, ஃபேர்வெல் டூர்னா கொடைக்கானல், பர்ஸ்ல காசு கம்மின்னா ஏற்காடு. நம்ம காலேஜ் மக்களோட மேப்ல இந்த மூணு மலையைத் தாண்டி வேற மலையே கிடையாது போல! 'கல்வராயன் போலாமா?'ன்னு ஹாஸ்டல்ல கேட்டுப் பாருங்க. 'அது எந்தப் படத்துல வர்ற வில்லன்?'னு திருப்பிக் கேப்பாங்க.

வில்லன் இல்லீங்க... மலை! கிழக்குத் தொடர்ச்சி மலையில ஜவ்வாது, சேர்வராயன், பச்சைமலைக்கெல்லாம் பக்கத்து வீடு. கள்ளக்குறிச்சி, சேலம்னு பல மாவட்டங்கள்ல கை காலை நீட்டிப் படுத்திருக்கு. கள்ளக்குறிச்சியே 2019 நவம்பர் 26-ந் தேதிதான் விழுப்புரத்துல இருந்து பிரிஞ்சு தனி மாவட்டம் ஆச்சு. வெளியூர்க்காரங்களுக்கு அந்தப் பேரைச் சொன்னா 2024 ஜூன் மாசத்து விஷச்சாராயச் சாவுகள்தான் ஞாபகத்துக்கு வருது. அறுபதுக்கும் மேல உயிர் போன அந்தச் சோகத்தை மறக்க வேண்டாம். ஆனா, ஒரு ஊரை ஒரே ஒரு செய்தியோட மூடி வைக்கவும் வேண்டாம். வாங்க, வண்டியை எடுப்போம்!

கீழே கரும்பு... மேலே கடுக்காய்!

சென்னையில இருந்து வர்றவங்க உளுந்தூர்பேட்டையில சேலம் ரோட்டைப் பிடிக்கணும். ரயில் பிரியர்கள் சின்னசேலத்துல இறங்கிக்கலாம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல இருந்து வெள்ளிமலைக்கு கவர்ன்மென்ட் பஸ் உண்டு. பைக்ல போறவங்களுக்கு ரூட் சிம்பிள். கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்புறம் மலைப்பாதை.

கள்ளக்குறிச்சியிலேயே ஒரு சின்ன ஸ்டாப் போடுங்க. இந்த ஊரு மரச்சிற்பத்துக்கு 2021-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. உளியும் கையுமா உட்கார்ந்திருக்கிறவங்களை அஞ்சு நிமிஷம் சும்மா நின்னு பாருங்க. நம்ம வொர்க்‌ஷாப் லேப்ல ஃபைலிங் போட்டுக் கை காய்ச்சவங்களுக்கு அந்த வேலையோட அருமை சட்டுனு புரியும்.

அங்கிருந்து கச்சிராயபாளையம் வரைக்கும் ரெண்டு பக்கமும் வயல். கரும்பு, மரவள்ளி, நெல். கச்சிராயபாளையத்துல ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலையே இருக்கு. அரவை சீஸன்ல போனீங்கன்னா கரும்பு ஏத்தின டிராக்டர் உங்களுக்கு முன்னாடி ஆடி ஆடிப் போகும். ஓவர்டேக் பண்ணத் துடிக்காதீங்க. கரும்பு வாசனையை ஃப்ரீயா இழுத்துக்கிட்டே பின்னாடி போங்க!

அடுத்தது கோமுகி அணை. மொத்த உயரம் 46 அடி. கல்வராயன்ல பெய்யுற மழைதான் இங்கே வந்து நிக்குது. அணைக்கு மேல பார்த்தா மலை, நம்மளைப் பார்த்து 'வர்றியா?'ன்னு கேக்குற மாதிரி இருக்கும். மேல ஏறினா மரமும் காத்தும் மாறும். சாமை, தினை, புளி, தேன், கடுக்காய்னு மலைச் சரக்கு வேற. பெரியார் அருவி, மேகம் அருவி, கரியாலூர் படகுத்துறை, வெள்ளிமலைன்னு பார்க்க வேண்டிய லிஸ்ட் நீளம்.

லிஸ்ட் போடுறது ஈஸி. ஆனா மலை நம்ம லிஸ்ட்டைப் படிக்கிறது இல்லையே!

அந்த ஒரு வளைவு!

எல்லா டூர்லயும் ஒரு வளைவு வரும். கிளம்பினதே ரெண்டு மணி நேரம் லேட். வழியில ஒரு பஞ்சர். மலை ஏற ஆரம்பிச்சதும் தூறல். பின் சீட்டுல இருக்கிறவனுக்குக் குளிர் ஜுரம். முன்னாடி போன வண்டியைக் காணோம், செல்போன்ல சிக்னலும் இல்லை. அப்போ ஒருத்தன் சொல்வான்... 'மச்சி, இன்னிக்கு நேரம் சரியில்லை, திரும்பிடலாம்!' இன்னொருத்தன் உடனே, 'இவ்ளோ தூரம் வந்துட்டுத் திரும்பறதா? அசிங்கம்டா!'

ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி நியாயம்தான் இருக்கு. 'நேரம் சரியில்லை'ங்கிறது காரணம் இல்லை, எரிச்சல். 'இவ்ளோ தூரம் வந்துட்டோமே'ங்கிறதும் காரணம் இல்லை. போன பெட்ரோல் போனதுதான். திரும்பினாலும் வராது, போனாலும் வராது. எகனாமிக்ஸ் பேப்பர்ல 'சங்க் காஸ்ட்'னு ரெண்டு மார்க்குக்குப் படிச்சோமே, அதேதான்! இனிமே நடக்கப்போறதை மட்டும் வெச்சு முடிவு எடுக்கணும்னு அந்த ரெண்டு மார்க் கேள்வி சொல்லுது. ஆனா மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கும்போது அது யாருக்கு ஞாபகம் வருது?

ஓ... கோல்ஃப்!

இந்தக் கேள்வியை உலகத்துலயே அதிகமா கேட்டுக்கிற கூட்டம் எது தெரியுமா? கோல்ஃப் ஆடுறவங்க! கோல்ஃப் தேடி யாரும் கல்வராயனுக்கு வரமாட்டாங்க. அதுக்குக் கொடைக்கானல்ல 1895-லயே ஆரம்பிச்ச கிளப் இருக்கு. ஆனா ரெண்டுமே ஒண்ணுதான்னு எனக்குத் தோணுது. கோல்ஃபும் ஒரு நீ...ள நடை. 18 குழி, நாலு மணி நேரத்துக்குக் குறையாது. மூணாவது குழியிலேயே சொதப்பிட்டா, மிச்சம் பதினஞ்சு குழியையும் அந்தச் சொதப்பலோடயே நடந்து முடிக்கணும். கிரிக்கெட்ல டக் அவுட் ஆனா பெவிலியன்ல போய் ஜூஸ் குடிக்கலாம். இங்கே அந்த வசதி இல்லை!

ரோரி மெக்கில்ராயை எடுத்துக்கங்க. 2011 ஏப்ரல், மாஸ்டர்ஸ் போட்டி. வயசு 21. கடைசி நாளை நாலு ஸ்ட்ரோக் முன்னிலையோட ஆரம்பிச்சவர், அன்னிக்கு 80 அடிச்சு மொத்தத்தையும் கோட்டை விட்டார். கோல்ஃப்ல ஸ்கோர் ஏற ஏற மானம் இறங்கும்! ஆனாலும் கடைசிக் குழி வரைக்கும் ஆடிட்டுத்தான் வெளிய வந்தார். ரெண்டே மாசம், ஜூன்ல யு.எஸ். ஓப்பனை எட்டு ஸ்ட்ரோக் வித்தியாசத்துல ஜெயிச்சார்.

அதே மெக்கில்ராய், 2013 மார்ச். இப்போ உலக நம்பர் ஒன். ஃப்ளோரிடாவுல ஹோண்டா கிளாசிக் போட்டி. ரெண்டாம் நாள் எட்டு குழி முடியறதுக்குள்ள ஏழு ஓவர் பார். அடுத்த குழியில பந்து தண்ணிக்குள்ள. மனுஷன் அப்படியே கார் பார்க்கிங்கைப் பார்த்து நடந்துட்டார்! ஞானப்பல் வலின்னு காரணம் சொன்னாங்க. 'பாதியில போனது சரியில்லை'ங்கிற அர்த்தத்துல பின்னாடி அவரே பேசினார்.

இன்னொருத்தர் கெவின் நா. 2011 ஏப்ரல், டெக்சஸ் ஓப்பன். நாலு அடியில முடிக்க வேண்டிய ஒன்பதாவது குழியை மரம், புதர்னு சுத்திட்டு 16 அடியில முடிச்சார். அதுக்கப்புறமும் மிச்ச ஒன்பது குழியை ஆடி, 80-ன்னு கார்டுல கையெழுத்துப் போட்டுட்டுப் போனார். அதே வருஷம் அக்டோபர்ல லாஸ் வேகாஸ்ல அவரோட முதல் பி.ஜி.ஏ. டூர் பட்டம்!

உடனே 'விடாமுயற்சி விஸ்வரூப வெற்றி'ன்னு ஸ்டேட்டஸ் போடாதீங்க பாஸ். விடாம ஆடினவங்க எல்லாரும் ஜெயிக்கலை. ஜெயிச்சவங்க கதைதான் நம்ம காது வரைக்கும் வருது. தவிர, கோல்ஃப்ல மோசமா ஆடினா ஸ்கோர்தான் ஏறும், உயிர் போகாது. மலையில அப்படி இல்லை.

திரும்பினவங்கதான் கெத்து!

2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. காட்டுத்தீயில சிக்கி, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவங்க செத்துப் போனாங்க. பல பேர் நம்மளை விட நாலஞ்சு வயசுதான் பெரியவங்க. அந்த வருஷமே தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்குன்னு தனி விதிமுறைகள் வந்துச்சு. 'பெர்மிஷன் எல்லாம் எதுக்கு, சும்மா போயிட்டு வந்துடலாம்'னு யாராவது சொன்னா, அவங்களுக்குக் குரங்கணின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க.

மழை இன்னொரு பக்கம். 2024 நவம்பர் 30-ந் தேதி புதுச்சேரி பக்கம் கரை கடந்த ஃபெஞ்சல் புயல், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைன்னு உள்மாவட்டங்களையும் புரட்டிப் போட்டுச்சு. நீங்க நிக்கிற இடத்துல வெயில் அடிக்கலாம், மேல ஏதோ ஒரு முகட்டுல கொட்டியிருக்கலாம். தெளிவா ஓடின தண்ணி திடீர்னு செம்மண் கலர்ல மாறி, குச்சியும் சருகும் அடிச்சுட்டு வந்தா... செல்ஃபி எடுக்காதீங்க, ஏறி ஓடுங்க!

எவரெஸ்ட் கதை ஒண்ணு சொல்றேன். கோரான் க்ரோப்னு ஒரு ஸ்வீடன்காரர். ஊர்ல இருந்து நேபாளம் வரைக்கும் சைக்கிள்லயே வந்தவர்! 1996 மே மாசத் தொடக்கத்துல, உச்சிக்கு சுமார் 100 மீட்டர் இருக்கும்போது திரும்பிட்டார். இதுக்கு மேல போனா இறங்குறதுக்குத் தெம்பும் நேரமும் இருக்காதுங்கிறது அவர் கணக்கு. சில நாள் கழிச்சு, மே 10-ந் தேதி வந்த புயல்ல எவரெஸ்ட்ல எட்டுப் பேர் இறந்தாங்க. மதியம் ரெண்டு மணிக்கு மேல ஏறக் கூடாதுன்னு பேச்சு இருந்தும், அதைத் தாண்டி ஏறினவங்களும் அதுல உண்டு. க்ரோப்? மே 23-ந் தேதி, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமலே உச்சியில நின்னார்!

எட்டாயிரம் மைல் சைக்கிள் மிதிச்சு வந்த மனுஷனே 100 மீட்டருக்கு 'சங்க் காஸ்ட்' பார்க்கலை. நாம அம்பது ரூபா பெட்ரோலுக்குப் பார்க்கிறோம்!

காலி இடமா... அழுகலா?

சரி, எப்போ போகணும், எப்போ திரும்பணும்? கோல்ஃபும் எவரெஸ்ட்டும் தூரத்து ஊர். எனக்குப் பிடிச்ச பதில் மலை அடிவாரத்துல, கச்சிராயபாளையம் வயல்ல இருக்கு.

கரும்பை வெட்டினதும் அடிக்கட்டை மண்ணுலயே இருக்கும். அது மறுபடி துளிர்க்கும். அதை அப்படியே வளர்த்தா கட்டைக்கரும்பு. மறுதாம்புன்னும் சொல்வாங்க. விதைக்கரணை செலவு இல்லை, உழவு செலவு இல்லை. சீக்கிரமாவே வெட்டுக்கும் வந்துடும். ஆனா போகப் போக மகசூல் குறையும். அதனால ஒவ்வொரு வெட்டு முடிஞ்சதும் விவசாயிக்கு நம்ம கேள்விதான்... வெச்சுக்கிறதா, உழுது போட்டுப் புதுசா நடுறதா?

வயல்ல நடுநடுவே காலி இடம் இருந்தா, வேற இடத்துல இருந்து நாத்து கொண்டுவந்து நட்டு நிரப்பிடலாம். பயிரு தேறிடும். ஆனா செவ்வழுகல் நோய் வந்திருந்தா கட்டைக்கரும்பே விடக் கூடாது. கட்டையிலேயே நோய் உட்கார்ந்திருக்கும். தண்ணி விட விட, உரம் போடப் போட நஷ்டம்தான் வளரும்.

இதை டூருக்கு மாத்திப் பாருங்க. லேட்டா கிளம்பினது, பஞ்சர், நனைஞ்ச ஷூ, சண்டை போட்ட ஃப்ரெண்டு, இதெல்லாம் காலி இடம். ஒரு டீ, ஒரு பஞ்சர் ஒட்டு, ஒரு 'ஸாரிடா'வுல நிரம்பிடும். போயிட்டே இருங்க. ஆனா இருட்டுறதுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கு, பிரேக் சரியா பிடிக்கலை, ஓடையில தண்ணி ஏறுது, காட்டுக்குள்ள போக அனுமதி இல்லை, கூட இருக்கிறவனுக்கு நிஜமாவே ஜுரம்... இதெல்லாம் அழுகல். நம்ம கெத்தைக் காட்டக் காட்ட நஷ்டம் கூடும். யு-டர்ன் போடுங்க. யாரும் சிரிக்கமாட்டாங்க. சிரிச்சா சிரிக்கட்டும்!

மூணாவது வழி

இதுக்கு நடுவுல இன்னொரு வழியும் இருக்கு. அதையும் ஒரு கோல்ஃப்காரர்தான் கண்டுபிடிச்சார். ஃப்ராங்க் ஸ்டேபிள்ஃபோர்டுன்னு ஒரு இங்கிலாந்து டாக்டர். ஒரே ஒரு மோசமான குழியால மொத்த ஆட்டமும் பாழாப் போறதைப் பார்த்துட்டு, புள்ளி முறையில ஒரு ஆட்டத்தை அமைச்சார். 1932-ல வாலஸி கிளப்ல அந்த முறையில முதல் போட்டி நடந்தது. ஒரு குழியில எவ்ளோ சொதப்பினாலும் அந்தக் குழிக்குப் பூஜ்யம், அவ்ளோதான். பந்தைக் கையில எடுத்துக்கிட்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். ஆட்டத்தை விடலை, அந்தக் குழியை மட்டும் விட்டாச்சு!

நாங்க கல்வராயன் போனப்போ செஞ்சது இதைத்தான். மேகம் அருவிக்குக் காட்டுக்குள்ள நடந்து போகணும். வானம் கறுத்துக்கிட்டு வந்துச்சு. அதனால மேகத்துக்கு ஒரு பூஜ்யம் போட்டுட்டு, தார் ரோட்டுலயே நேரா கரியாலூர் போய்ச் சேர்ந்தோம். டீக்கடை அக்கா வாழைக்காய் பஜ்ஜி போட்டுட்டு இருந்தாங்க. மழை நிக்கிற வரைக்கும் தட்டு காலியாகலை!

அங்கேதான் எங்க செட்டுல ஒருத்தன் மெதுவா வாயைத் திறந்தான். அஞ்சு அரியர். தேர்டு இயர். 'டிஸ்கன்டினியூ பண்ணிடலாம்னு இருக்கேன்டா. வீட்ல இன்னும் சொல்லலை'ன்னான். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. மழைச் சத்தம் மட்டும்தான். 'விடாதடா, முடிச்சுடு'ன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா அவன் படுற கஷ்டம் காலி இடமா, அழுகலான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? நிஜமாவே இந்தப் படிப்பு ஒத்துக்காம வேற படிப்புக்குப் போய் நல்லா இருக்கிறவங்களும் இருக்காங்க. அதனால நாலு பேரும் சேர்ந்து ஒண்ணே ஒண்ணு முடிவு பண்ணினோம். நனைஞ்ச சட்டையோட, ராத்திரி நேரத்துல, ரிசல்ட் வந்த வாரத்துல அவன் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. காலேஜ் திறந்ததும் அஞ்சு பேப்பரையும் ஒரு தாள்ல எழுதிப் பார்த்தான். மூணு கணக்கு சம்பந்தப்பட்டது, ரெண்டு வெறும் அட்டெண்டன்ஸ் சொதப்பல். இந்த செமஸ்டர்ல அந்த ரெண்டுக்கு மட்டும் ஃபீஸ் கட்டியிருக்கான். அப்பாகிட்ட போன்ல பேசிட்டான். ரிசல்ட் இன்னும் வரலை. டிஸ்கன்டினியூ பத்தி அதுக்கப்புறம்தான் யோசிப்பேங்கிறான்.

மலை சொல்ற கணக்கு

கல்வராயன்ல வாழுறவங்க மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளாவுக்கும் இந்தப் பேருக்கும் சம்பந்தம் இல்லை. காஞ்சிபுரம் பக்கத்துல இருந்து வந்தவங்கன்னு அவங்க வாய்மொழிக் கதை சொல்லுது. நாடே 1947-ல சுதந்திரம் வாங்கிடுச்சு, ஆனா இந்த மலை 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையிலதான் இருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, ஏறக்குறைய முப்பது வருஷம் லேட்! ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்னு எல்லாத்துலயும் அந்த லேட் இன்னும் தெரியுது. 2024-ல சென்னை உயர் நீதிமன்றமே தானா முன்வந்து இந்த மக்களோட வாழ்க்கை நிலைமையை வழக்கா எடுத்துக்கிச்சு.

மலையோட சேலம் பக்கத்துல கருமந்துறைன்னு ஒரு ஊர். ஆயிரம் ஏக்கருக்கும் மேல பரந்த அரசுப் பழப்பண்ணை இருக்கிற ஊர். அங்கே அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில படிச்ச ஒரு மாணவி, 2025-ல ஜே.இ.இ. அட்வான்ஸ்டு பாஸ் பண்ணி சென்னை ஐ.ஐ.டி.க்குத் தேர்வானாங்க. அப்பா இல்லாத வீடு. 'நேரம் சரியில்லை'ன்னு நிறுத்தியிருந்தா யாரும் குறை சொல்லியிருக்கமாட்டாங்க. அவங்களுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் காலி இடங்கள்தான். அரசுப் பள்ளி, ஹாஸ்டல், பயிற்சின்னு யாரோ நாத்து கொண்டுவந்து நட்டிருக்காங்க, அவங்களும் விடாம வளர்ந்திருக்காங்க. நாம நடுவழியில நின்னு 'போறதா, திரும்புறதா'ன்னு யோசிக்கிறதுக்கே கூட ஒரு வசதி வேணும்ங்கிறது இந்த மலையில வந்துதான் எனக்குப் புரிஞ்சுது.

கிளம்புறவங்க கவனத்துக்கு!

* பெட்ரோலை கச்சிராயபாளையத்துலயே நிரப்பிக்கங்க. ஏ.டி.எம். வேலையும் கீழேயே முடிச்சிடுங்க.

* கிளம்பும்போதே 'திரும்பும் நேரம்' ஒண்ணு ஃபிக்ஸ் பண்ணுங்க. மதியம் மூணு மணின்னா மூணு மணி. எந்த அருவி பாக்கி இருந்தாலும் வண்டி இறக்கத்தைப் பார்த்து நிக்கணும். காலையில தெளிவா இருக்கும்போது எடுத்த முடிவை, மூணு மணிக்கு ஓட்டுக்கு விடாதீங்க!

* 'திரும்பலாம்'னு செட்டுல ஒருத்தர் சொன்னாலே போதும், வண்டியை ஓரங்கட்டிப் பேசுங்க. பயந்தாங்கொள்ளின்னு கலாய்க்கிறது கண்டிப்பா கூடாது.

* மழை நாள்னா அருவியில குளிக்க அனுமதி உண்டான்னு கீழேயே விசாரிங்க. காட்டுக்குள்ள நடக்கிறதுக்கு வனத்துறைகிட்ட கேக்காம காலெடுத்து வைக்காதீங்க.

* பஸ்ல போறவங்க ஏறினதுமே கண்டக்டர் அண்ணன்கிட்ட கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டு வெச்சுக்கங்க. அந்த பஸ்ஸை விட்டா மேல லாட்ஜ் தேடி அலையணும்.

* பிளாஸ்டிக் பாட்டிலை மேல தூக்கிட்டுப் போன கைதான் கீழேயும் தூக்கிட்டு வரணும். அதுல மட்டும் பாதியில விடுற ஆப்ஷனே இல்லை!